துப்பாக்கிக்குப் போட்ட வாய்க்கட்டு

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உத்திரமேரூர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். வாசலில் நான் நெல் காயப் போட்டிருந்தேன். சைக்கிளை நெல்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தார். அதனால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பழைய கைத்துப்பாக்கி இருந்தது. அதன் லைசென்ஸ் என் வீட்டுக்காரர் பேரில் இருந்தது. அதற்காக வந்தார்.

வேறு பேருக்கு மாற்றிக்கொள்வதா, ஒப்படைத்துவிடுவதா என்று கேட்டார். ஒப்படைக்கிறேன், இப்போதே எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். அப்படியெல்லாம் வாங்க முடியாதாம். லைசென்ஸில் எழுதியிருக்கும் நம்பரும் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். நம்பர் குழலுக்கு அடியில் மரத்துக்குள் இருக்கும், பிரித்தால்தான் தெரியும். அதோடு குழல் காலியாக இருக்க வேண்டும்.

"உள்ள இன்னா கீதோ யாருக்குத் தெரியும்? ஸ்டேஷன்ல வெடிச்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார்.

குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊற வைத்துவிட்டு, விவரம் தெரிந்த ஆளாகப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். பத்து நாள் தவணை கொடுத்தார். சரி என்றேன். அப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன். கையெழுத்துப் போடு என்றால் போட்டேன். பச்சை மிளகாயைக் கடித்தாலும் காரம் தெரியாத நாக்கு மாதிரி இருந்தது மனசு.

அவர் செத்த அன்றைக்கே அப்படித்தான். தை அறுவடை. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிராக்டரில் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். சாலவாக்கம் தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அழுதுடு, அழுதா எறங்கிடும் என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வரவில்லை. ஒப்பாரி என்றால் செத்தவரைக் கூப்பிட வேண்டும். எனக்கு அவரைக் கூப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒன்பது வருஷமாக அந்த மனுஷனோடு நான் முகம் பார்த்துப் பேசியதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரரின் தம்பி மெட்ராஸில் வேலை பார்த்தார். ஏட்டு வந்துபோன விஷயம் தெரிந்து வந்தார். காஞ்சிபுரத்தில் பூட்டு, துப்பாக்கி ரிப்பேர் செய்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்து வருகிறேன் அண்ணி என்றார். வேண்டாம், நானே பிரிக்கிறேன் என்றேன். சிரித்தார். என் அப்பா ஆயில் என்ஜின் மெக்கானிக். சுத்துப்பட்டு இருபது ஊர்க் கிணறுகளில் இறங்கி என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர். பாவாடை கட்டின வயசிலிருந்து நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிப் போட்டதைக் கிருஷ்ணாயிலில் கழுவிக் கொடுத்திருக்கிறேன். தையல் மிஷினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். இந்த ஒரு ஜாண் கழுதையைப் பிரிக்க எனக்கு ஒரு ஆள் எதற்கு? கொழுந்தனாரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வேண்டாம் என்பதை இன்னொரு தடவை சொன்னேன், போய்விட்டார்.

துப்பாக்கி பீரோவின் மேல்தட்டில், துண்டு சுற்றி இருக்கும். யாரோ ஒரு துரை கொடுத்தது என்று என் மாமியார் சொல்வார். தாத்தா ஏலத்தில் எடுத்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் அதிகமான இரும்புக் குழல். கீழே யானை முகம் மாதிரி வளைந்த மரப்பிடி. பிடியில் பித்தளைத் தகடு. மேலே சுத்தியல் மாதிரி அடிக்கிற குதிரை, கீழே விரல் வைக்கிற விசை. குழலுக்கு அடியில் மரத்தில் பள்ளம் வெட்டி ஒரு கம்பி செருகியிருக்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, அந்தக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள்.

அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. வேறு எந்த வீட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆயுத பூஜையன்று கலப்பை, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக வைப்போம். துப்பாக்கி கடைசியில் இருக்கும். அதற்குப் பொட்டு மட்டும் போதாது, வாயைக் கட்ட வேண்டும். கொழுந்தனார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை எடுத்துத் தன் நெஞ்சுக்கு நேராகவே வைத்து விசையை இழுத்திருக்கிறார். குதிரை அடித்ததோடு நின்றுவிட்டது. வெடிக்கவில்லை. என் மாமியாருக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. அந்த வருஷத்திலிருந்து அவர் ஏற்படுத்தினது இந்த வாய்க்கட்டு.

வீட்டுச் சுமங்கலி கையால்தான் போட வேண்டும். தன்னுடைய பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து, குழைத்த சந்தனமும் குங்குமமும் வேர்க்கடலை அளவு அதில் வைத்துச் சுருட்டி, குழல் வாயில் போட்டு, கம்பியால் நன்றாகக் கெட்டிக்க வேண்டும். பழையதை எடுக்கக் கூடாது. அதன்மேலேயே புதியது. பிறகு கற்பூரம். மாமியார் ஐந்து வருஷம் போட்டார். மாமனார் இறந்ததும் அவர் கை படக்கூடாது என்றாகிவிட்டது. அந்த வருஷமே மருமகளாக வந்த என்னிடம் கம்பியைக் கொடுத்தார்கள். நான் பதினாறு வருஷம் போட்டேன். இனி என் கையும் படக்கூடாது. அதனால்தான் ஏட்டு கேட்டவுடன் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேனோ என்னவோ.

நாய் விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை. அப்பா வீட்டுக்குப் போனபோது ஒரு குட்டியைத் துணிப்பையில் போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செவலை நாய். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு, அதற்கு இன்னும் அரை டிக்கெட் வயசுகூட ஆகவில்லை என்று சண்டை போட்டேன். வீட்டில் என் பின்னாலேயே திரியும். துணி உலர்த்தினால் கீழே நின்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். மாம்பழக் கலர் கரை போட்ட பச்சைப் புடவை ஒன்று வைத்திருந்தேன். அதை இழுத்துப் பல்லால் நார் நாராகக் கிழித்துவிட்டது. அடித்துத் துரத்திவிட்டு, பிறகு நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். பிள்ளை இல்லாதவள் நாயைக் கொஞ்சுகிறாள் என்று ஊர் பேசியது. பேசினால் பேசிக்கொள் என்று இருந்தேன். எனக்கு அது பிள்ளைதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கல்யாணமாகி ஏழாவது வருஷம், புரட்டாசி பிறக்கிற சமயம், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வாயில் நுரை தள்ளிச் செத்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் நாய் அதைத் துரத்தியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வெறி நாய் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கன்று இளஞ்சோளத் தட்டையைத் தின்றிருக்கிறது, அதுதான் விஷமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். எவன் கேட்டான்? மத்தியானம் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். வூட்லயே துப்பாக்கி கீது, அப்புறம் இன்னா யோசனை என்று கேட்டார்கள். அவர் உள்ளே வந்து, பீரோவைத் திறந்து, துண்டோடு துப்பாக்கியை எடுத்தார். நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். கூட வருகிறோம் என்றவர்களை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். நாய் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து டம்மென்று ஒரு சத்தம் வந்தது. வாசலில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். அவர் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். கையில் வெறும் கயிறு. தெருவில் யாரோ கேட்டதற்கு முடிஞ்சிது என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வேட்டி முழங்கால்வரை ஈரமாக இருந்தது. காலெல்லாம் மணல். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சுடலமே. ஆத்துக்கு அந்தாண்ட, பழையசீவரத்து மலகிட்ட அவுத்து வுட்டுட்டேன். வெளிய சொல்லிக்காத."

அப்படியானால் அந்தச் சத்தம் என்ன என்று கேட்டேன். அங்கே கிணறு வெட்டுகிறார்கள், பாறைக்கு வெடி வைத்தார்கள் என்றார். வாய்க்கட்டு போட்டது எப்படிச் சுடும் என்றும் கேட்டார். கட்டைக் குத்தியெடுக்க எவ்வளவு நேரமாகும் என்று நான் கேட்டேன். முடிந்தது என்று தெருவில் சொன்னீர்களே, அது என்ன என்றேன்.

"அது அவங்களுக்குச் சொன்னது. உனுக்குச் சொல்றது இது."

நான் நம்பவில்லை. ஆம்பிளைகளிடம் சொல்வதுதான் உண்மை, வீட்டில் சொல்வது பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த என்று என் மனசில் உறைந்துபோயிருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கத்தினேன். கொலைகாரப் பாவி என்று சொன்னேன். அவர் வாயில் விரல் வைத்து, மெதுவா, மெதுவா என்றார். ஊருக்குக் கேட்டால் நாயைத் தேடிக்கொண்டு போய் அடித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அது எனக்கு இப்போது தெரிகிறது. செய்த காரியத்தை மறைக்கிறார் என்றுதான் அப்போது தோன்றியது. கடைசியில் அவர் துப்பாக்கியை என் முன்னால் வைத்தார்.

"நம்பலன்னா பிரிச்சிப் பாத்துக்கோ. மெக்கானிக் பொண்ணு தான நீ."

நான் எழுந்து போய்விட்டேன். காலையில் தரையில் கிடந்த ஆற்று மணலைப் பெருக்கிக் கொட்டினேன். துப்பாக்கி பீரோவுக்குள் போயிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஒரு நாய்க்காகவா என்று கேட்பவர்கள் கேட்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. முதலில் ஒரு வாரம் என்று நினைத்தேன். அப்புறம் அவராக வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அப்புறம் பழகிப்போனது. சமைத்தேன், பரிமாறினேன், அவர் துணியைத் துவைத்தேன். சொல்ல வேண்டியதை எருமையிடம் சொல்வேன். கொட்டகையில் நின்றுகொண்டு, வீட்டுக்குள் கேட்கிற மாதிரி, நாளைக்கு ரேஷனில் சர்க்கரை போடறாங்களாம் என்று எருமையைப் பார்த்துச் சொல்வேன். உள்ளேயிருந்து அவர் தொண்டையைக் கனைப்பார். கேட்டது என்று அர்த்தம். மறுநாள் சர்க்கரை வந்துவிடும். அவர் பங்குக்கு ஒன்றும் சொல்லமாட்டார். எருமையிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் அந்த எருமைக்கும் அதன் கன்றுக்கும் எங்கள் குடும்ப விஷயம் எல்லாம் தெரியும்.

ஏட்டு சொன்னபடி குழலைத் தண்ணீரில் ஊற வைத்தேன். மறுநாள் காலையில் வேலையெல்லாம் முடித்துவிட்டு, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துக் கொல்லைக் கதவருகில் உட்கார்ந்தேன். பழைய பேப்பரை விரித்து, பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டேன். என் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றின வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். பூட்டும்போது வலமிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் போதும். மூளையே வேண்டாம், கை பார்த்துக்கொள்ளும். அன்று எனக்கு அது வசதியாக இருந்தது.

முதலில் கம்பியை உருவி வைத்தேன். குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஆணி ஒன்று குறுக்கே போயிருந்தது. அதைச் சின்ன சுத்தியலால் தட்டி வெளியே தள்ளினேன். வால் பக்கத்தில் ஒரு ஸ்குரு. துரு பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. கிருஷ்ணாயில் விட்டு, காப்பி குடித்துவிட்டு வந்து திருப்புளியைப் போட்டு அழுத்தித் திருப்பினேன். கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. குழல் மரத்தை விட்டுக் கழன்று வந்தது. அடியில் அழுக்கைத் துடைத்ததும் நம்பர் தெரிந்தது. லைசென்ஸோடு வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு பக்கவாட்டுப் பித்தளைத் தகடு, அதன் இரண்டு ஸ்குரு. உள்ளே குதிரையும், வில்லும், அதைப் பிடிக்கிற பல்லும் ஒரே கருப்புப் பிசுக்காக ஒட்டிக்கொண்டிருந்தன. குங்குமமும் எண்ணெயும் கற்பூரப் புகையும் சேர்ந்து ஏறின பிசுக்கு. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி முறத்தில் வைத்தேன். மனசில் ஒன்றுமே ஓடவில்லை. அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது.

மிச்சம் குழல் மட்டும்தான். சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றின் நுனியைத் தூண்டில் மாதிரி வளைத்து, குழல் வாயில் விட்டுச் சுழற்றி இழுத்தேன். சந்தனம் ஊறிச் சேறாகியிருந்தது. துணி மட்டும் அப்படியே வந்தது. முதலில் வந்தது போன வருஷத்துப் பழுப்புக் கட்டம். போன ஆயுத பூஜையில் அவர் கற்பூரத் தட்டோடு நின்ற நினைவும் அதோடு வந்தது. பேப்பரில் வைத்தேன். அடுத்தது நீலம். அடுத்தது ஊதாவில் வெள்ளைப் புள்ளி, அது என் மாமியார் இறந்தபோது நான் கட்டியிருந்தது. எதையும் தேடாமல்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு, ஐந்து என்று வரிசையாக வைத்ததுகூட அப்பாவின் பழக்கம்தான்.

பத்தாவதாக அந்தப் பச்சை வந்தது.

மாம்பழக் கலர் கரையோடு, ஒரு பக்கம் நார் நாராகப் பிய்ந்த துண்டு. நாய் போன மூன்றாவது வாரம் ஆயுத பூஜை வந்தது. நாய் கிழித்த அந்தப் புடவையிலேயே, அது பல் வைத்த இடத்திலேயே கிழித்தேன். வேண்டுமென்றேதான் கிழித்தேன். அவர் பார்க்கட்டும், உறுத்தட்டும் என்று அவர் கண் முன்னாலேயே சுருட்டினேன். துணுக்கைப் பேப்பரில் பத்தாவதாக வைத்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் நாயைச் சுட்டிருந்தால் குழல் இதோடு காலியாக இருக்க வேண்டும். இதற்கு முந்தின வருஷங்களில் நான் போட்டதெல்லாம் அன்றைக்கே வெளியே போயிருக்க வேண்டும்.

கம்பியை மறுபடி உள்ளே விட எனக்குப் பயமாக இருந்தது. மூன்று மாதமாக ஒன்றும் உறைக்காதவளுக்குப் பயம் மட்டும் எங்கிருந்து வந்ததோ. உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். அவர் கொலைகாரராகவே இருக்கட்டும், என் ஒன்பது வருஷம் சரியாக இருக்கட்டும் என்று. ஸ்போக்கை விட்டுச் சுழற்றினேன். மாட்டியது. இழுத்தேன். பதினொன்றாவது வந்தது.

வெளிர்சிவப்பு. கல்யாணமான ஆறாம் வருஷத்துப் புடவை. அதற்கு அடியில் மஞ்சள். அப்புறம் கத்திரிப்பூ நிறம். பதினாறாவது, நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் கட்டிக்கொண்டு வந்த புடவை. என்ன கலர் என்று தெரியாத அளவுக்குக் கருத்திருந்தது, ஆனால் நெசவு தெரிந்தது. அதற்கும் கீழே மாமியாரின் ஐந்து துண்டுகள், எல்லாமே ஒரே அரக்கு. அதற்கும் கீழே ஒரு ஈயக் குண்டு உருண்டு வந்து பேப்பரில் விழுந்தது. பிறகு காப்பித் தூள் சக்கை மாதிரி கருமருந்து. தாத்தாவோ துரையோ யாரோ கெட்டித்தது, கெட்டித்தபடியே இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கொழுந்தனார் நெஞ்சுக்கு நேராக இழுத்திருக்கிறார். அதற்குத்தான் நாங்கள் இருபத்தொரு வருஷம் கற்பூரம் காட்டியிருக்கிறோம்.

அதைப் பற்றி நடுங்கக்கூட எனக்கு நேரமில்லை. பச்சைத் துணுக்கு போட்ட நாள்தான் திரும்பத் திரும்ப வந்தது. அன்று நான் கம்பியால் கெட்டித்தபோது, கம்பி எப்போதும் போலப் பாதி வழியிலேயே நின்றது. போன வருஷத்தைவிட ஒரு வேர்க்கடலை மேலே. குழல் காலியாக இருந்திருந்தால் கம்பி அடிவரை போயிருக்கும். கற்பூரத் தட்டோடு எதிரில் நின்றவர் கம்பி நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் பார்க்கவேண்டும் என்று காத்திருந்தார். குற்றம் உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதே மாதிரி பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் என் கையில்தான் அந்தக் கம்பி இருந்தது. மெக்கானிக் பொண்ணாம், மெக்கானிக் பொண்ணு.

அவர்மேல் கோபம்தான் முதலில் வந்தது. இன்னொரு தடவை சொல்லியிருந்தால் என்ன? கம்பியைப் பாருடி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போகும்? நாலு பேர் முன்னால் ஊரைக் கூட்டிச் சண்டை போடுகிற ஆண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எனக்கென்று வாய்த்தது இப்படி. அப்படியே கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டத் திட்ட, அதுவும் நின்றுபோனது. அவர் ஒரு தடவை சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை. ஊர் முழுக்கப் பொய் சொல்லிவிட்டு, எனக்கு ஒருத்திக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெயில் கதவைத் தாண்டிப் போயிருந்தது. முறத்தில் எல்லாம் காய்ந்திருந்தன. வலக் கோடியிலிருந்து எடுத்துப் பூட்ட ஆரம்பித்தேன். பல், வில், குதிரை, பித்தளைத் தகடு. வில்லை அழுத்தி உட்கார வைக்கும்போது விரலைக் கிள்ளி ரத்தம் வந்தது. வலிக்கவில்லை, துடைத்துவிட்டுப் பூட்டினேன். குழலை மரத்தில் உட்கார வைத்தேன். வால் ஸ்குரு, குறுக்கு ஆணி, கடைசியில் கம்பி. ஒன்று மிச்சமில்லை, ஒன்று குறையவில்லை. குதிரையை இழுத்து விட்டுப் பார்த்தேன். சுத்தமாக வேலை செய்தது. அப்பா பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். துணுக்குகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. கழுவிக் கொடியில் காயப் போட்டேன். பச்சையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் துப்பாக்கியை அதே துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்டேஷனில் அதே ஏட்டு இருந்தார். யாரு பிரிச்சிக் குடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நம்பரைச் சரிபார்த்தார். குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பேர், ஊர், இறந்தவர் பேர், இறந்த மாதம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா சுட்டது?"

பதில் எனக்குத் தெரியும். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"சுடலீங்க," என்றேன். "எங்க வூட்டுக்காரரு சுடல."

"அவர யாரும்மா சொன்னா? துப்பாக்கி எப்ப சுட்டுதுன்னு கேட்டேன்."

"அவரு சுடலீங்க. சுடலன்னு எங்கிட்ட சொன்னாரு."

ஏட்டு என்னைப் பார்த்தார். சரி சரி என்று சொல்லி, ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். அதை மடித்து முந்தானையில் பச்சைத் துணுக்கோடு சேர்த்து முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பால் கறக்கிற நேரமாகியிருந்தது. புடவை மாற்றாமல் நேரே கொட்டகைக்குப் போனேன். எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. எப்போதும் நிற்கிற இடத்தில், வீட்டைப் பார்த்த மாதிரி நின்றுகொண்டேன். துப்பாக்கிய குடுத்துட்டேன் என்று எருமையிடம் சொன்னேன். பிரிச்சிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன் என்றும் சொன்னேன். வீட்டுக்குள் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து கனைப்பு வருவதற்காக நின்றேன். எருமை தவிட்டுக்கு வாலை ஆட்டியது. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.